பன்னிரண்டாம் எண் கணினி

உலான்பாத்தர். டிசம்பர்.
கதவைத் தள்ளிக்கொண்டு வருகிறவர்கள்
முதலில் கண்ணாடியைக் கழற்றுகிறார்கள்.
வெள்ளை படிந்த இரண்டு வட்டங்களை
ஸ்வெட்டர் நுனியில் துடைத்து
மறுபடி மாட்டிய பிறகுதான்
நான் ஒருத்தி இருப்பது தெரிகிறது.

என் தலைக்கு மேல் 'உதவி மேசை' என்று பலகை.
ஆய்வகத்தில் வேலை செய்யும் கணினிகள் எத்தனை என்பது
கேட்கிறவரைப் பொறுத்தது.
துறைத்தலைவருக்கு முப்பத்து நான்கு.
மாணவர்களுக்கு முப்பத்தொன்று.
எனக்குத் தெரிந்து இருபத்தெட்டு,
அதிலும் ஒன்று
தன் விசிறிச் சத்தத்தால்
மற்றவற்றின் பெயரையும் கெடுக்கிறது.

இரவு ஒன்பதிலிருந்து காலை ஆறு வரை என் முறை.
பாதிப் பேர் பயிற்சிக் கணக்கை முடிக்க வருகிறார்கள்.
மீதிப் பேர்
சன்னலுக்குக் கீழே ஓடும் வெந்நீர்க் குழாய்க்காக.
நான் பிரித்துப் பார்ப்பதில்லை.
நிரல் ஓடாவிட்டாலும் கால் சூடாகும்.

தெமூலென், முதலாண்டு.
வந்தான்: கடவுச்சொல்லை ஏற்கவில்லை.
என் மேசையில் உட்காரவைத்துப் புதிதாக அடிக்கச் சொன்னேன்.
மறுநாளும் வந்தான்: ஏற்கவில்லை.
மறுபடி உட்காரவைத்தேன்,
கொஞ்சம் முகத்தைத் தூக்கிக்கொண்டு.
மூன்றாம் நாள் அவன் கண்ணாடி துடைத்து முடிக்குமுன்
பதிவேட்டில் 'பயனர் பிழை' என்று அடித்து வைத்துவிட்டேன்.

அவன் உட்காருவது எப்போதும் பன்னிரண்டில்.
குழாய் அங்கேதான் வளைகிறது.
பின்னால் போய் நின்றேன்.
அடிக்கும்போது பார்க்கக் கூடாது என்பது விதி.
கூரையைப் பார்த்துக்கொண்டு
காதால் எண்ணினேன்.
ஒன்பது தட்டு.
திரையில் ஏழு புள்ளி.

இடது சுட்டுவிரல் இருட்டிலும் வீடு சேர
சின்ன மேடு வைத்த விசை அது.
மேலே ஒட்டிய துண்டுத் தாளில்
யாரோ பேனாவால் எழுதிய எங்கள் எழுத்து:
ஒரு வட்டம், வயிற்றின் குறுக்கே ஒரு கோடு.
ரஷ்ய எழுத்துகளை வாங்கிக்கொண்டபோது
எங்கள் வாய்க்குப் போதாமல்
சேர்த்துக்கொண்ட இரண்டில் ஒன்று.
அழுத்தினால் இறங்குகிறது, ஏறுகிறது.
பேச்சு மட்டும் இல்லை.

"உன் சொல்லில் இது இருக்கிறதா?"
காது மடல் சிவந்தது.
குளிரில் சிவப்பது வேறு மாதிரி.
"இரண்டு இருக்கிறது."
அதற்குமேல் கேட்கவில்லை.
எனக்குத் தெரிந்துவிட்டால்
மறுபடி மாற்ற வேண்டியிருக்கும்.

என் விசைப்பலகையைப் பிடுங்கி அவனுக்கு மாட்டினேன்.
ஒன்பது தட்டு, ஒன்பது புள்ளி.
நன்றி சொல்லவும் மறந்து
எண்களை ஏறுவரிசையில் அடுக்கும் பாதி நிரலுக்குள்
அப்படியே இறங்கிப் போனான்.

ஊமைப் பலகை இப்போது என்னிடம்.
'பயனர் பிழை'யை அழித்தேன்,
அழிக்கும் விசைக்கு ஒரு குறையும் இல்லை.
முறை என்ற கட்டத்தில் 'இரவு' என்று அடிக்கப் போனேன்.
எங்கள் மொழியில் இரவுக்கு
அந்த எழுத்து இரண்டு வேண்டும்.
பகலுக்கும் இரண்டு.
குளிர்காலத்துக்கு இரண்டு,
அறை என்று எழுத இரண்டு.
சரி, புதிய விசைப்பலகைக்கு விண்ணப்பமாவது போடலாம் என்றால்
பணத்துக்கும் இரண்டு.

முப்பதாம் கணினியிலிருந்து ஹுலான் எழுந்து
தேநீர்க் குடுவையோடு இந்தப் பக்கம் வந்தாள்.
ஓட்டை விழுந்த என் வரிகளைப் பார்த்துவிட்டு
நான் குடித்திருக்கிறேனா என்று முகர்ந்தாள்.
பிறகு சொன்னாள்,
"பழைய பக்கத்திலிருந்து எடுத்து ஒட்டுங்களேன் அக்கா."
நான்கு வருடமாக
நான் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருப்பது.

நேற்றைய இரவைத் திறந்து
அதிலிருந்து இரண்டை எடுத்து
இன்றைய இரவில் வைத்தேன்.
குளிர்காலம் நிரம்பியது. அறை நிரம்பியது.
பணம் என்ற சொல்
பழைய பதிவேடு எதிலும் அகப்படவில்லை,
அதையும் எழுத்தெழுத்தாக ஒட்டினேன்.

பகலை மட்டும் ஓட்டையோடு விட்டேன்.
ஆறு மணிக்கு எர்கெம் வருவான்.
அது அவன் முறை.